மூன்று காலிக் கட்டங்கள்

மாதங்கி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போடுவது அவள்தான். பேருக்குக் கணக்கு டீச்சர். ஆனால் பதினாறு வருஷமாக மார்ச் கடைசி வந்தால் பெரிய சார்ட் பேப்பரை விரித்து, பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்துவிடுவாள். கம்ப்யூட்டரில் போட்டால் என்ன என்று புதிதாக வரும் ஒவ்வொரு ஹெட்மிஸ்ட்ரஸும் கேட்டுப் பார்த்து, ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டாயிற்று. நாற்பத்தொரு டீச்சர்களில் யாருக்கு முட்டிவலி, யார் மூன்று மாடி ஏறமாட்டார்கள், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியப்போகிறது?

இத்தனை வருஷத்தில் அந்தச் சார்ட்டிலிருந்து அவள் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. காலிக் கட்டத்தை யாரும் சும்மா விடமாட்டார்கள். ஒரு டீச்சருடைய வரிசையில் தப்பித்தவறி ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் போதும். அன்றைக்கே டான்ஸ் டீச்சர் வந்து கேட்பாள். அடுத்து பி.டி. சார் வருவார். போர்ஷன் முடியாத பிசிக்ஸ்காரர் கெஞ்சாத குறையாக நிற்பார். கேட்க ஆள் இல்லாத காலிக் கட்டம் என்று ஒன்றை அவள் பார்த்ததே கிடையாது. அதை நம்பித்தான் இந்தக் கோடையில் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பதை மனிதர்கள் பத்து வருஷம் முன்பே நிறுத்திவிட்டார்கள், அந்த மட்டும் புண்ணியம். கல்கத்தாவில், பெஹாலாவில் இரண்டாம் மாடி ஃப்ளாட். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் இருந்த அப்பா வாங்கிப்போட்டது. அப்பா காலமானபின் அம்மாவும் அவளுமாகப் பதினெட்டு வருஷம் ஓட்டினார்கள். போன டிசம்பரில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருப்பது தம்பி அனந்த் ஒருவன். அவன் சென்னையில், ஆதம்பாக்கத்தில், பெண்டாட்டி மது, பெண் மேகனாவோடு இருக்கிறான்.

அம்மா இருந்தவரை ஜனவரி பிறந்ததுமே அவனிடமிருந்து போன் வந்துவிடும். "டிக்கெட் போட்டாச்சாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. மே மாதம் முழுக்க அங்கேதான். அம்மாவுக்கு உள் ரூமில் கட்டில், மாதங்கிக்கு ஹாலில் பாய். ராத்திரி பத்தரைக்கு டீவி அணைந்த பிறகுதான் படுக்கலாம். காலையில் பால்காரன் மணி அடிப்பதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். அது ஒரு கஷ்டம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இந்த வருஷம் ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அனந்த் பேசினான். கல்கத்தாவில் வெயில் எப்படி, இங்கே தண்ணீர் லாரி வரவில்லை, மேகனாவுக்கு மார்க் குறைந்துவிட்டது என்று பத்து நிமிஷம். அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. மாதங்கியும் வாய் திறக்கவில்லை. "நான் வரட்டுமா?" என்று கூடப்பிறந்த தம்பியிடம் கேட்பதா? கேட்டு வாங்கினால் அதற்கு அழைப்பு என்று பேர் உண்டா? ரோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்தான் பெரிது.

ஏப்ரல் கடைசியில் ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்தது. வெயில் தாங்கவில்லை என்று லீவை முன்னாலேயே விடப்போகிறார்களாம். ஆளாளுக்கு டார்ஜிலிங், சிக்கிம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மாதங்கிதி, நீங்க வழக்கம்போல சென்னைதானே?" என்று கேட்டாள் ஹிஸ்டரி எடுக்கும் ஷர்மிஷ்டா. எல்லா வங்காளிகளையும் போலப் பேரோடு ஒரு 'தி' ஒட்டி அவளை அக்காவாக்கிக்கொண்டவள்.

"இல்ல, இந்தத் தடவை சோலோ ட்ரிப்" என்று சொல்லிவிட்டாள் மாதங்கி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஷர்மிஷ்டாவின் வாயிலிருந்து வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை. மாதங்கியின் வாயிலிருந்து வந்ததும் அறையே திரும்பிப் பார்த்தது.

"எங்கே, எங்கே?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

"பீச், கிராமம், சிட்டி எல்லாம் கலந்து. ரொம்பச் செலவில்லாம" என்று அள்ளிவிட்டாள். அள்ளிவிட்டதைக் காப்பாற்ற வேண்டுமே. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த சார்ட் பேப்பரில் பாதியை வெட்டி, சாப்பாட்டு மேஜைமேல் விரித்தாள்.

ஷர்மிஷ்டா என்றால் லடாக்கிலிருந்து ஆரம்பித்திருப்பாள். மாதங்கிக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரயில் பாதை. ஹவுராவில் ஏறி சென்னையில் இறங்குகிற பாதை. பிறந்ததிலிருந்து அதில் போய் வந்துகொண்டிருக்கிறாள். நடுவில் வரும் ஸ்டேஷன்களில் இட்லி வாங்கியிருக்கிறாள், தண்ணீர் பிடித்திருக்கிறாள். ஒன்றிலாவது பெட்டியோடு இறங்கியதில்லை. அவள் மட்டுமல்ல, கல்கத்தாத் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். லீவு என்றால் ஊர், ஊர் என்றால் சொந்தக்காரர் வீடு. சொந்தக்காரர் இல்லாத இடத்தில் இறங்கி என்ன செய்வது?

பன்னிரண்டு கட்டம் போட்டாள், ஒரு நாளைக்கு ஒன்று. மே பதினெட்டு, பத்தொன்பது: பூரி. கடற்கரை. அடுத்த இரண்டு நாள் சிலிகா ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே வீட்டோடு தங்கவைத்துச் சோறு போடுகிறார்களாம். காய்கறிதான் சாப்பிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு கோபால்பூரில் இரண்டு நாள், சந்தடியில்லாத கடல். அப்புறம் விசாகப்பட்டினம், ஊர் சுற்ற இரண்டு நாள். ஒன்பதாம் கட்டம் ராஜமந்திரி, கோதாவரி. எல்லாம் பகல் வண்டி, உட்கார்ந்துகொண்டு போகிற டிக்கெட். சின்னச் சின்ன லாட்ஜ். எங்கே இட்லி கிடைக்கும், எங்கே அவல் வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும் என்பதுவரை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்.

கடைசி மூன்று கட்டங்களை எழுதாமல் விட்டாள்.

ராஜமந்திரியில் ஏறினால் மறுநாள் சென்னை. அதை ஒரு குழந்தைகூடப் பார்த்தால் சொல்லும். அனந்த் பார்த்ததும் என்ன சொல்வான் என்று அவளுக்குக் காதில் கேட்டது. 'அக்கா, அவ்வளவு தூரம் வந்துட்டு ஆத்துக்கு வராம போறதாவது? அந்த மூணு நாள் இங்கதான்.' சொல்லட்டும். அவனாகச் சொல்லட்டும். சொல்வதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறாளே, இதைவிட ஒரு அக்கா என்ன செய்வாள்?

சார்ட்டைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினாள். 'என் சோலோ ட்ரிப்! பார்த்து அபிப்பிராயம் சொல்லு' என்று கீழே எழுதினாள். சந்தோஷமாக இருப்பதுபோல் தெரியட்டும் என்று ஆச்சரியக்குறியும் போட்டாள். டீச்சர் புத்திக்கு அதுவே அதிகம்.

பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. அன்று முழுக்க அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் ஒரு கட்டைவிரல் வந்தது, கூடவே 'சூப்பர்க்கா'. சப்பென்று ஆயிற்று அவளுக்கு. ஆபீஸ் அவசரத்தில் பெரிதாக்கிப் பார்த்திருக்கமாட்டான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்து, ஒன்றும் தெரியாதவள்போல, 'கடைசி மூணு நாள் என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணலடா' என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'ஆமாம்க்கா, கவனிச்சேன். அதை நான் பாத்துக்கறேன்.'

பாத்துக்கறேன்! அன்றைக்கு மாதங்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய் மேகனாவுக்கு ஒரு தாந்த் கைத்தறிக் குர்த்தா எடுத்தாள், மதுவுக்கு ஒரு கைப்பை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பாடியது அன்றுதான். பாதிப் பாட்டில் அடி மறந்துபோய்விட்டது, அது வேறு விஷயம்.

பெட்டி இறக்கின சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். முதல் மாடிக் காமு மாமிக்குக் கேட்காத சத்தமே அந்தக் கட்டடத்தில் கிடையாது. எழுபத்திரண்டு வயசு, தனியாள். மாமா பாங்க் ஆபீசராக இருந்து காலமானவர். ஒரே பெண் சுப்புலக்ஷ்மி நங்கநல்லூரில் இருக்கிறாள்.

"என்னடி, மெட்ராஸுக்கு என்னிக்குக் கிளம்பறே?" என்று கேட்டாள் மாமி, படியில் வழிமறித்து.

போகிறாயா என்று கேட்கவில்லை, என்றைக்கு என்றுதான் கேட்டாள். மாதங்கி மறுத்திருக்கலாம். பூரி, சிலிகா என்று விளக்கியிருக்கலாம். ஆனால் அப்படி ஒருவர் சந்தேகமே இல்லாமல் கேட்டது அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

"பதினெட்டாம் தேதி, மாமி" என்றாள்.

அவ்வளவுதான், பார்சல் வர ஆரம்பித்துவிட்டது. கல்கத்தாத் தமிழர்களிடம் இது ஒரு தீராத வழக்கம். ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார் என்று மூச்சு விட்டால் போதும், நாலு வீட்டிலிருந்து மூட்டை வந்து இறங்கும். போகும்போது இங்கிருந்து அரிசி, ஸ்வீட், புடவை. வரும்போது அங்கிருந்து அப்பளம், காப்பிப்பொடி, மாவடு. தூக்குகிறவனுக்குத் தோள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மாமி கொண்டுவந்தது பாயசத்துக்கு வாசனையான கோபிந்தோபோக் அரிசி இரண்டு கிலோ, கையால் கிள்ளிவைத்த பருப்பு வடகம் ஒரு டப்பா, பேத்திக்கு ஒரு பாவாடை. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு வாயைத் தைத்திருந்தாள். பிரித்துப் பார்ப்பாளோ என்று சந்தேகம் இல்லை, மாமிக்குத் தைத்தால்தான் திருப்தி.

"நீ ஒண்ணும் நங்கநல்லூர்வரை அலைய வேண்டாம். உன் தம்பி ஆத்துல வெச்சுடு. சுப்பு வந்து வாங்கிண்டு போவா" என்றாள் மாமி.

மாதங்கி வாங்கிப் பெட்டிமேல் வைத்தாள். எப்படியும் சென்னை போகத்தானே போகிறோம் என்று நினைத்தாள். அனந்த்தான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டானே.

இந்த வழக்கத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அதை மாதங்கி மறந்துபோனாள். பார்சல் கொடுத்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். அது போய்ச் சேருகிற வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். மாமி அன்று சாயங்காலமே அனந்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவன் கூப்பிட்டபோது மாதங்கி குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, புதன்கிழமை. அதுவே அவளுக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

"அக்கா, காமு மாமி போன் பண்ணினா" என்று ஆரம்பித்தான். குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. "நீ இங்க... நம்மாத்துல வந்து தங்கப்போறதா மாமி சொன்னா."

"மாமிக்கு என்ன தெரியும்" என்றாள் மாதங்கி.

"அதானே பாத்தேன்." அவனுக்கு மூச்சு வந்ததுபோல் இருந்தது. "நானே உனக்குப் பண்ணணும்னு இருந்தேன்க்கா. மதுவோட அம்மா வந்திருக்கா. இடுப்பு ஆபரேஷன் ஆகி உள் ரூம்ல படுத்துண்டிருக்கா. ஹால்ல மேகனாவுக்கு நாள் பூரா ஆன்லைன் கோச்சிங். உனக்கு ஒரு ஸௌகரியமும் இருக்காது."

"புரியறதுடா."

"அதான் அந்த மூணு நாளுக்கும் நான் ஏற்பாடு பண்ணிட்டேன். எழும்பூர் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரத்துல ஒரு லாட்ஜ். ரொம்ப நீட்டா இருக்கும். எங்க ஆபீஸ் ஆளுங்க வந்தா அங்கதான் போடுவோம், அதனால பாதி ரேட்டுதான். காலம்பற டிபன் ஃப்ரீ. மூணு நாளுக்கும் உன் பேர்ல போட்டுட்டேன். பணம்கூட நானே கட்டிடறேன்க்கா. ஒருநாள் சாயங்காலம் நான் வந்து உன்னை ஹோட்டலுக்குக் கூட்டிண்டு போறேன். என்ன?"

மாதங்கி குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலிக் கட்டத்தை யாரும் விட்டுவைக்கமாட்டார்கள் என்று நம்பினாளே, சரியாகத்தான் நம்பினாள். மூன்றையும் நிரப்பிவிட்டான். தன் ஊரில், தன் வீட்டிலிருந்து அரைமணி நேர தூரத்தில், கூடப்பிறந்தவளுக்கு லாட்ஜ் போட்டிருக்கிறான். அதையும் எவ்வளவு அக்கறையாக, டிபன் உட்பட விசாரித்துப் போட்டிருக்கிறான்! அக்கறை இல்லாமல் செய்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

"நல்லதுடா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, நான் மெட்ராஸ் போகல. இதை வேற யாராவது போனா குடுத்து அனுப்புங்கோ."

"ஏண்டி? டிக்கெட் கன்ஃபர்ம் ஆகலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமி ரயில்வேயை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் காப்பி கொடுத்திருப்பாள். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க மென்று விழுங்கியாயிற்று. எவ்வளவுதான் விழுங்குவது?

"அனந்த் ஆத்துல எனக்கு எடம் இல்லை மாமி. லாட்ஜ் போட்டிருக்கான்."

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். அடடா என்றோ அக்கிரமம் என்றோ சொல்வாள், மதுவை ஒரு பிடி பிடிப்பாள் என்று மாதங்கி எதிர்பார்த்தாள். மாமியோ அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சுப்பு ஆத்துக்குப் போய் நாலு வருஷமாறது, தெரியுமோ?" என்றாள்.

"முட்டிவலின்னு சொல்லுவேளே."

"முட்டி வலிக்கறதுதான். அதுக்காகப் பெத்த பொண்ணைப் பாக்காம இருப்பாளா ஒருத்தி? வான்னு அவ கூப்பிடல, நான் போகல." பையின் தையலைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். "பார்சல்னா பரண்ல வெச்சுப்பா, அலமாரில வெச்சுப்பா. என்னை எங்கடி வெப்பா?"

மாமி பதிலை எதிர்பார்க்கவில்லை. பாதி நறுக்கின வெண்டைக்காயை மறுபடி எடுத்துக்கொண்டாள். இரண்டு தனியாட்கள் ஒரே கட்டடத்தில் மாடியும் கீழுமாக இத்தனை நாள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது தெரிந்ததால் தனிமை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மாடி ஏறும்போது மாதங்கிக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருபத்துநாலு வருஷத்தில் நானும் இப்படித்தான் பையைத் தைத்துக்கொண்டிருப்பேனா என்று நினைத்தாள். அவளுக்கு அனுப்பக்கூட ஒரு பெண் கிடையாது.

மேலே போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அனந்துக்குப் போன் செய்தாள்.

"நான் மெட்ராஸ் வரலடா. ராஜமந்திரியோட திரும்பிடறேன்."

"ஏன்க்கா?" என்றான். ஒரு நொடிதான். "அப்ப ரூமைக் கேன்சல் பண்ணிடவா? இன்னிக்குள்ள பண்ணினா பணம் பிடிக்கமாட்டான்."

"பண்ணிடு."

அத்தோடு வைத்திருக்க வேண்டும். வைக்க மனசு வரவில்லை. டயமண்ட் ஹார்பர் ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்ற பயல். ட்ராம் மணி அடித்தால் அவள் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவன். இவனிடம் என்ன ரோஷம் என்று தோன்றியது.

"அந்த மூணு கட்டத்தை எதுக்கு விட்டு வெச்சேன் தெரியுமாடா?"

"எதுக்கு?"

"நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லுவியோன்னு. சொல்லியிருந்தா நான் வந்திருக்கக்கூட மாட்டேன். மதுவுக்குச் சிரமம், அவ அம்மா வேற படுத்துண்டிருக்கா, இன்னொரு தடவை பாத்துக்கலாம்னு நானே சொல்லியிருப்பேன். எனக்கு எடம் வேண்டாம்டா அனந்த். அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறானோ என்று நினைத்தாள். அழட்டும், கொஞ்சம் அழட்டும் என்றுகூட நினைத்தாள். அப்போது தூரத்திலிருந்து மதுவின் குரல் வந்தது. கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "யாருப்பா போன்ல?"

அனந்த் கையால் போனை மூடினான். சரியாக மூடவில்லை.

"ஆபீஸ்லேர்ந்து" என்றான்.

லாட்ஜ் போட்டதை மாதங்கி தாங்கிக்கொண்டாள். கேன்சல் பண்ணிடவா என்று கேட்டதையும் தாங்கிக்கொண்டாள். 'அக்கா' என்று சொன்னால் வீட்டில் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. மது கெட்டவள் இல்லை. அதன்பின் நாலு கேள்வி வரும், நாலு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு பதிலுக்குப் பயந்துகொண்டு அவளை ஆபீசாக்கிவிட்டான். நல்லவன்தான். நல்லவர்கள் பயந்தால் இப்படித்தான் செய்வார்கள்.

"வெச்சுடறேன். உனக்கு ஆபீஸ் வேலை கெட்டுப்போயிடும்" என்றாள்.

"அக்கா, அக்கா, இல்ல..."

வைத்துவிட்டாள். அவன் மறுபடி இரண்டு தரம் அடித்தான். அவள் எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அம்மா போன அன்றைக்குக்கூட அழாத அளவுக்கு வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவினபிறகு, போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் வீட்டில் இருந்து ஒரு மாதம் என்ன செய்வது? ஒன்பது நாளுக்கு எடுத்திருந்த டிக்கெட்டெல்லாம் கன்ஃபர்ம் ஆகியிருந்தது. ராஜமந்திரியிலிருந்து ஹவுராவுக்குத் திரும்பி வர ஒரு டிக்கெட் எடுத்தாள். தனியாகத்தான் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. இப்போதுதான் அது நிஜமாகவே தனியாகப் போவது ஆயிற்று.

பதினெட்டாம் தேதி விடிகாலையில் காமு மாமி வாசல் கேட்வரை வந்து நின்றாள். கையில் பார்சல் எதுவும் இல்லை. "ஜாக்கிரதையாப் போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னாள். மாதங்கி கூட்டத்தில் இடித்துக்கொண்டு வண்டி ஏறி, ஜன்னலோரம் கிடைக்காமல் நடு சீட்டில் உட்கார்ந்து, மத்தியானம் தாண்டிப் பூரியில் இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் போட்டுவைத்திருந்த லாட்ஜ். வாசலில் நிற்கும்போதே கடல் சத்தம் கேட்டது.

மானேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவளையும் அவளுக்குப் பின்னால் காலியாக இருந்த வாசலையும் பார்த்தார். பூரிக்காரர்களுக்கு வங்காளம் நன்றாக வரும், அதிலேயே கேட்டார்.

"ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான்."

"பின்னாடி யாராவது வராங்களா?"

"யாரும் வரல."

பெரிய நோட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். பேர், வயசு, எங்கிருந்து, எத்தனை நாள். எல்லாம் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். அவர் ஒரு விரலை வைத்துக் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தைக் காட்டினார்.

"அதையும் எழுதுங்க, தீதி. தனியா வர்ற லேடீஸ்னா சொந்தக்காரங்க நம்பர் ஒண்ணு வேணும். ஏதாவதுன்னா நாங்க யாரைக் கூப்பிடறது?"

மாதங்கி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனந்தின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது என்ற முதல் எண்ணை எழுதிவிட்டு, அதை அடித்தாள். பின்னால் ஒரு குடும்பம் குழந்தை குட்டிகளோடு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. மானேஜர் அவர்களைப் பார்த்து, இதோ ஆயிற்று என்று தலையசைத்தார். அவள் குனிந்து, பள்ளிக்கூட ஆபீசின் நம்பரை எழுதினாள்.

மானேஜர் நோட்டைத் திருப்பிப் படித்தார். "லேண்ட்லைனா இருக்கே. இது யாரோடது?"

"ஆபீஸ்" என்றாள்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. சாவியை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் ஜூன் பாதிவரை பூட்டிக்கிடக்கும். அந்தப் போன் அடித்தால் எடுக்க அங்கே ஆள் கிடையாது.